இணையத்தை நிறுத்திவிட்டு நிரல் எழுதுங்கள்: வன்னியில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் இருந்துகொண்டு நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிப்பவர்கள், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை முடித்துவிட்டு வீட்டில் இருந்தே பைதன் பழகுகிறவர்கள், லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கிளிநொச்சியில் இருந்து வேலை செய்யத் தொடங்கியிருப்பவர்கள் என்று பலரோடு கதைத்திருக்கிறேன். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: காலையில் இருந்து கணினிக்கு முன்னால்தான் இருந்தேன், ஆனால் எழும்பும்போது ஒரு ஃபங்ஷன்கூட முழுதாக முடியவில்லை.

இதற்கு உதவும் மென்பொருள்கள் நிறையவே உண்டு. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கறண்ட் போகாத, சிக்னல் விழாத ஊர்களில் இருந்து எழுதுகிறார்கள். எங்களுக்கு இரண்டும் போகும். ஏ9 வீதியை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில், வீட்டின் எந்த மூலையில் சிக்னல் எடுக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு கொஞ்சம் வேறு. முதலில், இணையம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கிற மாதிரிக் கணினியை ஆயத்தப்படுத்துங்கள். அதன் பிறகு இணையத்தை நீங்களாகவே நிறுத்தலாம். தடுப்பு மென்பொருள், நேரக் கருவி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் நிறுவுவதற்கு முன், மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியைப் பக்கத்தில் வைத்திருங்கள். வேலையை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

கணினியும் சேர்ந்து அளக்கட்டும் என்றால் ஆக்டிவிட்டிவாட்ச் நல்லது. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும் திறந்த மூல மென்பொருள். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று பதிந்து வைக்கும். அந்தத் தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. வகாடைம் என்று இன்னொன்று இருக்கிறது. அது நீங்கள் நிரல் எழுதும் எடிட்டருக்குள்ளேயே இருந்து எந்தக் கோப்பில் எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள் என்பதுவரை சொல்லும், ஆனால் தரவை அவர்களுடைய சேவையகத்துக்கு அனுப்பும். தொடங்குகிறவருக்கு முதலாவதே போதும்.

மூன்றாம் நாள் கொப்பியைப் பார்த்தால் காரணங்கள் மூன்று குவியலாகப் பிரியும்: போன், வீட்டில் யாராவது கூப்பிட்டது, எதையோ இணையத்தில் தேடப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாவதுதான் ஆளுக்குத் தெரியாமல் நேரத்தைத் தின்கிறது, ஏனென்றால் அது வேலை மாதிரியே இருக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு எந்த ஒழுங்கில் மதிப்புகளைக் கொடுப்பது என்று தேடுகிறோம். ஒரு யூரியூப் விளக்கம் வருகிறது. பக்கத்தில் ‘பைதனா ஜாவாவா, எதற்குச் சம்பளம் கூட’ என்று ஒரு தலைப்பு நிற்கிறது. அரை மணித்தியாலம் போய்விடும்.

இணையம் இல்லாமல் ஓடும் கணினி

இந்தப் பகுதிக்கு ஒரு முழு இரவை ஒதுக்குங்கள். இரவு டேட்டா உள்ள பொதி வைத்திருந்தால் அதில் செய்யுங்கள். இல்லாவிட்டால் பல்கலைக்கழக வைஃபை, நூலகம், வவுனியாவில் இருக்கும் நண்பர் வீடு என்று எங்கே வேகம் கிடைக்கிறதோ அங்கே மடிக்கணினியைக் கொண்டுபோங்கள்.

ஆவணங்களில் இருந்து தொடங்குவோம். நீங்கள் ஒரு நாளில் இணையத்தில் தேடுவதில் பெரும்பங்கு, மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். அதைக் கணினிக்குள் கொண்டுவர ஸீல் என்ற மென்பொருள் உதவும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், இலவசம். அதைத் திறந்து டொக்செட் (ஆவணத் தொகுப்பு) பட்டியலுக்குப் போய் உங்களுக்கு வேண்டியதை மட்டும் இறக்குங்கள்: பைதன் எழுதுகிறவர் பைதன், இணையப் பக்கம் செய்கிறவர் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். எல்லாவற்றையும் இறக்கிவைக்க ஆசை வரும். வேண்டாம், டேட்டாதான் வீணாகும். மக் வைத்திருப்பவர்களுக்கு டாஷ் என்ற கட்டண மென்பொருள் உண்டு. ஸீல் பாவிப்பதும் அதே டொக்செட்களைத்தான்.

நான்கு ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியில் புதிதாக ஒன்றையும் நிறுவ விருப்பமில்லையா? டெவ்டொக்ஸ் என்ற தளத்தை உலாவியில் திறங்கள். ஃப்ரீகோட்கேம்ப் பராமரிக்கும் இலவசத் தளம் அது. அதன் மெனுவில் ‘ஆஃப்லைன் டேட்டா’ என்ற பகுதிக்குப் போய், வேண்டிய ஆவணங்களுக்கு நேரே உள்ள நிறுவும் பொத்தானை அழுத்தினால் இணையம் இல்லாமலும் அதே முகவரியில் திறக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: உலாவியின் தளத் தரவை முழுதாக அழித்தால் இதுவும் சேர்ந்து அழியும்.

பைதனில் இன்னும் சுருக்கமான வழி இருக்கிறது. பைதனைத் திறந்து ‘ஹெல்ப்’ ஃபங்ஷனுக்குள் எதன் பெயரைக் கொடுத்தாலும் அதன் விளக்கம் அங்கேயே வரும். பைடொக் என்ற கூறு அதே விளக்கங்களை உங்கள் உலாவியில் பக்கங்களாகக் காட்டும். இரண்டும் பைதனோடு சேர்ந்தே வருபவை. லினக்ஸ் கட்டளைகளுக்கு ‘மேன்’ பக்கங்கள் இருக்கின்றன. பலருக்கு இவை தங்கள் கணினியில் இருப்பதே தெரியாது.

கீவிக்ஸ் என்பது இன்னொரு நல்ல கருவி. விக்கிப்பீடியா போன்ற முழுத் தளங்களை ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமல் வாசிக்க விடும். நிரல் எழுதுகிறவர்கள் கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கேள்வி பதில்களும் அப்படிக் கிடைக்கின்றன, ஆனால் அந்தக் கோப்பு பல பத்து ஜிபி வரும். தனி ஆளாக இறக்குவதற்கு நான் சொல்லமாட்டேன். ஒரு வகுப்பாகச் சேர்ந்து ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தால் பெறுமதி.

ஆவணம் கையில் வந்தபின் ஒரு பழக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வேன் என்கிறவர் இதைச் செய்யட்டும். நிரல் கோப்புகளுக்குப் பக்கத்தில் ‘கேள்விகள்’ என்று ஒரு வெறும் உரைக் கோப்பை வைத்திருங்கள். இணையத்தில் தேட வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொன்றையும் உடனே தேடாமல் அதில் எழுதுங்கள். ‘தேதியைத் தமிழ் மாதப் பெயரோடு காட்டுவது எப்படி’, ‘இந்தப் பிழைச் செய்தி ஏன் வருகிறது’ என்று முழு வசனமாக எழுதுங்கள். எழுதிவிட்டு ஆவணத்தைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். பிறகு இணையம் திறக்கும் நேரத்தில் எல்லாக் கேள்விகளையும் ஒன்றாகத் தேடுங்கள். கேள்வியை ஒழுங்காக எழுதும்போதே பாதி விளங்கிவிடும், அதனால் அந்த நேரம் வருமுன் பல கேள்விகளுக்குப் பக்கத்தில் நீங்களே விடையை எழுதியிருப்பீர்கள்.

அடுத்தது கிட், நிரலில் செய்த மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கேர்னல் வேலைக்காக எழுதியது. எங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை, ஏனென்றால் திட்டத்தின் முழு வரலாறும் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும். கொமிட் செய்ய (அதாவது அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்க), புதுக் கிளை எடுக்க, பழையதோடு ஒப்பிட, பின்னுக்குப் போக எதற்கும் இணையம் வேண்டாம். நிரலை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்துக்குத் தள்ளுவதற்கும் அங்கிருந்து எடுப்பதற்கும் மட்டும்தான் வேண்டும். காலையில் ஒருமுறை எடுங்கள், வேலை முடிய ஒருமுறை தள்ளுங்கள். பெரிய திட்டம் ஒன்றை முதன்முதலாக எடுக்கும்போது ‘டெப்த்’ (ஆழம்) என்ற தெரிவை ஒன்று என்று கொடுத்து எடுத்தால் கடைசி நிலை மட்டும் வரும், டேட்டா மிஞ்சும்.

மற்றவர்கள் எழுதி வைத்த நிரல்களான நூலகப் பொதிகளும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை இறக்கும் என்பிஎம், ஒருமுறை இறக்கியவற்றைத் தன் சேமிப்பில் வைத்திருக்கும். ‘ப்ரிஃபர் ஆஃப்லைன்’ என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் முதலில் அந்தச் சேமிப்பில் பார்த்துவிட்டுத்தான் இணையத்துக்குப் போகும். பைதனில் பிப் கருவியின் ‘டவுன்லோட்’ கட்டளையால் பொதிகளை ஒரு கோப்புறையில் இறக்கி வைத்து, பிறகு அங்கிருந்தே நிறுவலாம். அடுத்த வாரம் எந்தப் பொதி தேவைப்படும் என்று முதலே யோசித்து இறக்குவது ஆரம்பத்தில் கரைச்சலாக இருக்கும். ஆனால் அப்படி யோசிக்கும்போது தேவையில்லாத பொதிகள் தாமாகவே விழுந்துபோகும்.

எடிட்டருக்கு வருவோம். பெரும்பாலானோர் விஎஸ் கோட் பாவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாற்றங்களை இன்றே செய்யுங்கள்.

1. தானாகச் சேமிக்கும் அமைப்பை ‘ஆஃப்டர் டிலே’ என்று மாற்றுங்கள். நீங்கள் தட்டுவதை நிறுத்தி ஒரு வினாடியில் கோப்பு சேமிக்கப்படும். கறண்ட் போகிற ஊரில் இதை மாற்றாமல் வேலை தொடங்கவே கூடாது.

2. கண்ட்ரோல் விசையோடு கே அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு இசட் அழுத்துங்கள். ஸென் நிலை திறக்கும். பக்கப் பட்டியல், கீழ்ப்பட்டை எல்லாம் மறைந்து நிரல் மட்டும் நிற்கும். எஸ்கேப் விசையை இருமுறை அழுத்தினால் பழைய நிலைக்கு வரலாம்.

3. சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தும் வசதியைப் போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டுக்கு ப்ரிட்டியர், பைதனுக்கு பிளாக். இடைவெளியையும் அடைப்புக்குறியையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும் வேலை உங்களுடையதாக இருக்கத் தேவையில்லை.

4. நீட்சிகள் (எடிட்டரோடு சேர்க்கும் துணைக் கருவிகள்) தாமாகவே புதுப்பிப்பதை நிறுத்துங்கள். பாவிக்காத நீட்சிகளை அழியுங்கள். ராமும் மிஞ்சும், டேட்டாவும் மிஞ்சும், மூலையில் எட்டிப்பார்க்கும் அறிவித்தல்களும் குறையும்.

2022 மார்ச்சில் வந்த பதிப்பில் இருந்து விஎஸ் கோட் ஒவ்வொரு கோப்பின் பழைய நிலைகளையும் தன்பாட்டில் சேமிக்கிறது. இடப்பக்கம் ‘டைம்லைன்’ என்ற பகுதியில் பார்க்கலாம். கொமிட் செய்ய மறந்து எதையாவது அழித்துவிட்டால் அங்கே போய்ப் பாருங்கள்.

கறண்ட் போனாலும் தொடர

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தது. அந்த மாதிரி இப்போது இல்லை. ஆனால் மழையோடும் காற்றோடும் லைன் போவது எங்களுக்குப் புதிதல்ல.

மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு யூபிஎஸ் கட்டாயம். சாதாரண யூபிஎஸ் சில நிமிடங்கள்தான் தாங்கும். அது சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்கான நேரம், வேலை செய்வதற்கான நேரமில்லை. ரவுட்டருக்கென்று தனியாகச் சின்ன யூபிஎஸ் கடைகளில் விற்கிறார்கள். வாங்குமுன் ரவுட்டரின் அடப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்: அனேகமானவை 12 வோல்ட், சில 9 அல்லது 5. மாறிக் கொடுத்தால் ரவுட்டர் பழுதாகலாம்.

தூரத்துச் சேவையகத்தில் வேலை செய்கிறவர்கள் டீமக்ஸ் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இணைப்பு அறுந்தாலும் அங்கே ஓடிக்கொண்டிருந்த வேலை அப்படியே ஓடும். திரும்பி வந்து ‘அட்டாச்’ என்றால் விட்ட திரை விட்ட மாதிரியே நிற்கும். தூரத்துச் சேவையகத்தோடு இணைக்கும் மொஷ் என்ற கருவி அமெரிக்காவின் எம்ஐடியில் உருவானது, 2012இல் வெளிவந்தது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், வைஃபையில் இருந்து போன் டேட்டாவுக்கு மாறும்போதும், இணைப்பு அறாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பாவித்தால் சிக்னல் போனதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

இப்போது தடுப்புக் கருவிகள்

போனில் இருந்து தொடங்குங்கள். கணினியில் எத்தனை பூட்டுப் போட்டாலும் பக்கத்தில் போன் இருந்தால் பயனில்லை. முடிந்தால் அடுத்த அறையில் வையுங்கள். முடியாதவர்கள், வெளிநாட்டில் இருந்து அழைப்பு வரும் வீடுகளில் அது உண்மையிலேயே முடியாது, அன்ட்ரொய்ட் அமைப்புகளில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்ற பகுதிக்குப் போய் ‘ஃபோகஸ் மோட்’ போடுங்கள். தேர்ந்தெடுத்த செயலிகள் மட்டும் உறங்கும், சாதாரண அழைப்புகள் வழமைபோல் வரும். ஐபோனிலும் ‘ஃபோகஸ்’ என்ற பெயரில் இதே மாதிரி வசதி உண்டு. அதில் யாருடைய அழைப்பு வரலாம் என்று அம்மா, அண்ணா என்று பெயர் பெயராகக் கொடுக்கலாம்.

வட்ஸ்அப் குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து ‘எப்போதும்’ என்று ஒலியை நிறுத்துங்கள். பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாகம், கிரிக்கெட் அணி, குடும்பக் குழு எல்லாமே. முக்கியமானது ஏதாவது இருந்தால் ஆட்கள் அழைப்பார்கள். வட்ஸ்அப்பைக் கணினியோடு இணைத்து வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் துண்டியுங்கள்.

கணினியில், ஃபயர்பொக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றுக்கும் லீச்பிளாக் என்ற இலவச நீட்சி இருக்கிறது. எந்தத் தளம், எந்த நாள், எத்தனை மணியில் இருந்து எத்தனை மணிவரை என்று கொடுக்கலாம். அல்லது ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடம் மட்டும் என்றும் கொடுக்கலாம். தடுப்பு நேரத்தில் அமைப்புகளுக்குள் போய் மாற்ற முடியாமல் பூட்டும் தெரிவும் அதில் உண்டு. அதைப் போடாவிட்டால் இரண்டாம் நாள் நீங்களே திறந்துவிடுவீர்கள்.

இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் விண்டோஸுக்கும் மக்குக்கும் கோல்ட் டர்க்கி. இலவசப் பதிப்பு தளங்களைத் தடுக்கும். விளையாட்டுகளையும் வேறு செயலிகளையும் தடுக்கக் கட்டணப் பதிப்பு வேண்டும். மக்கில் செல்ஃப்கொன்ட்ரோல் இலவசம். அதில் நேரம் குறித்துத் தொடங்கிவிட்டால் கணினியை நிறுத்தி ஏற்றினாலும், அந்த மென்பொருளையே அழித்தாலும் நேரம் முடியும்வரை தடுப்பு விலகாது.

யூரியூப் முழுவதையும் தடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு யூரியூப்தான் ஆசிரியர். தமிழில் நல்ல பாடங்கள் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் வரும் பரிந்துரைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். அன்ஹூக் என்ற நீட்சி அதைச் செய்யும். தேடிய காணொளி மட்டும் வரும், முடிந்தால் முடிந்ததுதான். விளம்பரங்களைத் தடுக்க ஃபயர்பொக்ஸில் யூபிளாக் ஒரிஜின் போடுங்கள், டேட்டாவும் மிஞ்சும். குரோமில் அதன் சிறிய பதிப்பான யூபிளாக் ஒரிஜின் லைட்தான் இப்போது வேலை செய்கிறது.

இவ்வளவும் செய்தாலும் எளிமையான தடுப்பு, ரவுட்டரை நிறுத்திவிடுவதுதான். ‘இணையம் இல்லாமல் ஓடும் கணினி’ என்ற பகுதியை ஒழுங்காகச் செய்தவரால் மட்டுமே அப்படி நிறுத்திவிட்டு வேலை செய்ய முடியும்.

எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்

பொமோடோரோ முறை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தன் படிப்புக்காக உருவாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிய நீண்ட ஓய்வு. விண்டோஸ் 11இல் கடிகாரச் செயலிக்குள்ளேயே ‘ஃபோகஸ் செஷன்’ என்று இதற்கான வசதி இருக்கிறது. அது ஓடும்போது கணினியின் அறிவித்தல்களையும் நிறுத்திவைக்கும். வேலைப் பட்டியலும் நேரமும் ஒன்றாக வேண்டும் என்றால் சூப்பர் ப்ரொடக்டிவிட்டி என்ற திறந்த மூல மென்பொருள் நல்லது, அது இணையம் இல்லாமலும் ஓடும்.

25 நிமிடம் பாடம் வாசிக்கவும் சின்னப் பயிற்சி செய்யவும் சரி. ஒரு பிழையைத் துரத்தும்போது அது போதாது. நிரலின் ஓட்டம் முழுவதும் மனதில் ஏறுவதற்கே கால் மணித்தியாலம் போகிறது. ஏறியவுடன் மணி அடித்தால் என்ன பயன்? அந்த மாதிரி வேலைக்கு 50 நிமிடமும் 10 நிமிடமும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வில் போனைத் தொடாமல் கிணற்றடிப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள்.

எத்தனை நிமிடம் என்பதைவிட நாளின் எந்தப் பகுதி என்பது முக்கியம். வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மடிக்கணினியின் நிலைமையைப் பாருங்கள். விசிறி இரையும், சூடு கூடும்போது ப்ரொசெசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். யோசனை வேண்டிய வேலையை விடியற்காலையில் வையுங்கள். மத்தியானத்துக்கு ஆவணம் எழுதுவது, பெயர் மாற்றுவது, பழைய கோப்புகளை ஒதுக்குவது போன்றவை போதும்.

வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. லண்டனில் காலை 9 மணி என்பது அவர்களின் குளிர்காலத்தில் எங்களுக்குப் பின்னேரம் 2.30, கோடையில் 1.30. ரொறன்ரோவில் 9 மணி ஆகும்போது எங்களுக்கு இரவு 7.30 அல்லது 6.30. அதாவது எங்கள் காலை முழுவதும் அவர்கள் நித்திரையில் இருக்கிறார்கள், அல்லது அலுவலகத்தில் இல்லை. ஒருவரும் கேள்வி கேட்காத நேரம் அது. அதைக் கூட்டத்துக்கும் பதில் எழுதுவதற்கும் செலவழிக்காதீர்கள். அலுவலகச் செய்திச் செயலியான ஸ்லாக்கில் அறிவித்தல் வரவேண்டிய நேரத்தை மட்டும் குறித்துவைக்கலாம். காலையில் எழுதும் செய்தியை அவர்களின் காலைக்குப் போகும்படி வைக்கவும் முடியும். அவுஸ்திரேலியாவுக்கு வேலை செய்கிறவருக்கு இது தலைகீழ்: மெல்பேர்னில் பின்னேரம் 5 மணி என்பது எங்களுக்கு மத்தியானம் 12.30 அல்லது 11.30. அவர்களோடு கதைப்பதைக் காலையில் முடித்துவிட்டால் பின்னேரம் உங்களுடையது.

வீடும் சத்தமும்

வீட்டில் இருந்து கணினியில் வேலை செய்வதை வேலையாக எடுக்கும் பழக்கம் எங்கள் வீடுகளில் இப்போதுதான் வருகிறது. ‘தம்பி, சும்மாதானே இருக்கிறாய், ஒருக்கா கடைக்குப் போட்டு வா’ என்று அம்மா கேட்டால் அதில் பிழை ஒன்றும் இல்லை; அவருக்குத் தெரிவது மகன் கதிரையில் இருப்பது மட்டும்தான். ‘அம்மா, பத்தரை மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோ, பத்தரைக்குப் பிறகு கடைக்கும் போறன், தண்ணிப் பம்பும் போடுறன்’ என்று நேரத்தைச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு எழும்பிப் போய் அந்த வேலையைச் செய்யுங்கள். சொன்ன நேரத்துக்கு எழும்பிப் போனால் அடுத்த கிழமை வீடே உங்கள் நேரத்தைக் காக்கத் தொடங்கும். தங்கைமார், அக்காமாருக்கு இது இன்னும் கடினம். சமையலறைக்கு வரும் அழைப்பு மகனுக்கு வருவதைவிடக் கூடுதலாக மகளுக்குத்தான் வருகிறது. வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால், அவளுடைய இரண்டு மணித்தியாலத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது உங்கள் பொறுப்பும்தான்.

சத்தத்துக்கு, மழைச் சத்தம் போல ஒரே மாதிரி ஓடும் ஒலி ஒன்றை முன்கூட்டியே இறக்கி வைத்து ஹெட்போனில் போடலாம். பாட்டு வேண்டாம், சொற்கள் காதில் விழுந்தால் நிரலின் சொற்களோடு மோதும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஊர்க் கோயில் திருவிழாக்கள், மாசி அறுவடைக்கு வீட்டார் எல்லாரும் வயலில் நிற்கும் நாட்கள் என்று சில காலங்களில் கவனம் நிற்காது. அந்த நாட்களுக்கு முடிவுத் தேதி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாட்காட்டியில் முதலே குறித்துவைத்து, வேலை தருகிறவருக்கும் சொல்லிவிடுங்கள்.

விட்ட இடத்தைப் பிடிப்பது

எவ்வளவு செய்தாலும் இடையில் எழும்பத்தான் வேண்டிவரும். எழும்புமுன் ஒரு நிமிடம் எடுத்து, நிரலுக்குள் நீங்கள் நிற்கும் இடத்தில் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். ‘பட்டியல் வெறுமையாக இருந்தால் என்ன நடக்கும் என்று இன்னும் பார்க்கவில்லை’ என்ற அளவில் இருந்தால் போதும். அந்த வரிக்கு முன்னால் கொமென்ட் குறியைப் போடாமல் விடுங்கள். திரும்பி வந்து ஓட்டும்போது நிரல் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிற்கும். எங்கே விட்டோம் என்று தேடத் தேவையில்லை. நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எழுதப் பழகியவர்கள் தோற்கும் சோதனை ஒன்றை விட்டுவிட்டுப் போகலாம், அது இன்னும் நல்லது. அவசரமாக வேறொரு பிழையைத் திருத்த வேண்டி வந்தால் கிட் ‘ஸ்டாஷ்’ கட்டளை அரைகுறை மாற்றங்களை எடுத்து ஒதுக்கி வைக்கும், பிறகு திரும்ப எடுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள்

நிரலைப் பரிந்துரைக்கும் கோபைலட் போன்றவற்றைப் பற்றிக் கேட்காமல் யாரும் இருக்கமாட்டீர்கள். வேலைக்குப் போனபின் பாவியுங்கள், நேரம் மிஞ்சும். பழகும் காலத்தில், தட்டும்போதே சாம்பல் நிறத்தில் வரும் பரிந்துரையை நிறுத்திவையுங்கள். நீங்கள் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போது அது இன்னொன்றைச் சொல்கிறது, அதை வாசிக்கப் போய் உங்கள் யோசனை அறுந்துபோகிறது. கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் முறையில், அதுவும் கேள்விகள் கோப்பைத் தீர்க்கும் நேரத்தில் மட்டும் பாவித்தால் நல்ல ஆசிரியராக இருக்கும். இணையம் இல்லாமலே வேண்டுமென்றால் ஒல்லாமா என்ற மென்பொருள் மூலம் மொழி மாதிரி (மொடல்) ஒன்றை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். 7 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாதிரிக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், பழைய இயந்திரத்தில் பதில் மெதுவாகத்தான் வரும்.

பென்டிரைவில் கொடுங்கள்

ஒருவர் இறக்கியதை இன்னொருவர் திரும்ப இறக்கத் தேவையில்லை. ஸீல் தன் டொக்செட்களை ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அதன் அமைப்புகளில் பார்த்து அப்படியே பிரதி எடுக்கலாம். கீவிக்ஸில் இறக்கிய தளக் கோப்புகளும் (ஸிம் கோப்புகள்) அப்படித்தான். விஎஸ் கோட் நீட்சிகளை விசிக்ஸ் கோப்பாக இறக்கினால் இணையம் இல்லாத கணினியிலும் நிறுவலாம். பிப் இறக்கிய பொதிக் கோப்புறையைக் கொடுக்கும்போது, வாங்குகிறவரின் பைதன் பதிப்பும் இயங்குதளமும் உங்களுடையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தாவிட்டால் சில பொதிகள் ஏறாது. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் தொடங்குகிறவருக்கு வேண்டிய எல்லாம் அடங்கிவிடும். கொடுக்குமுன் ஒருமுறை வைரஸ் பார்த்துவிட்டு, எந்தெந்தக் கோப்பை எந்த ஒழுங்கில் நிறுவ வேண்டும் என்று உள்ளே ஓர் உரைக் கோப்பும் எழுதிவையுங்கள்.